சர்ச்சையான பாட்டு: கைது, மன்னிப்பு, வீடியோ நீக்கம் பற்றி ஒரு பெங்களூர்த் தமிழ்க் குழுவுக்குப் பதில்

"கலைஞனுக்குச் சுதந்திரம் இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியதைப் படித்தால் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு என்று புரிகிறது. ஸ்ரீராம்புரத்தில் வளர்ந்த நான்கு பேர் சேர்ந்த தமிழ் ராப் குழு. தமிழர்களை மட்டம்தட்ட இங்கே சிலர் சொல்லும் 'கொங்கா' என்ற சொல்லையே பல்லவியாக்கி ஒரு பாட்டு. கோரமங்களாவில் ஒரு பப்பில் அதைப் பாடும்போது உடம்பில் கரி பூசி, எலுமிச்சை மாலை போட்டு, சாமி வந்து ஆடுவது போல ஒரு காட்சி. நடுவே இரண்டு கெட்ட வார்த்தை. அதில் 40 விநாடியை மட்டும் வெட்டி யாரோ போட, அது பரவி, போலீசில் புகார் தருவோம் என்று ஓர் அமைப்பு சொல்கிறது. அடுத்த மாதம் இந்திராநகரில் பாட வேண்டிய இடத்தின் மேலாளர் அந்தப் பாட்டு வேண்டாம் என்கிறார். கைதாவோமா, மன்னிப்புக் கேட்க வேண்டுமா, வீடியோவை அழித்துவிடலாமா என்பதுதான் உண்மையான கேள்வி.

இந்த ஊர் நீதிமன்றங்களில் பேச்சு, எழுத்து, மேடை சார்ந்த வழக்குகளைக் கவனிக்கும் வழக்கறிஞர் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் சுருக்கமாக: கைதாகும் வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. மன்னிப்பை இன்றிரவே எழுதிப் போடாதீர்கள். வீடியோவை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். உங்கள் பாட்டின் முழு வரிகளை நான் பார்க்கவில்லை. கீழே சொல்வதெல்லாம் நீங்கள் விவரித்ததை மட்டும் வைத்து. முழு வரிகளோடு ஒரு கிரிமினல் வழக்கறிஞரை நேரில் பார்ப்பதற்கு இது ஈடாகாது.

கெட்ட வார்த்தைக்குத்தான் நீங்கள் அதிகம் பயப்படுவது போலத் தெரிகிறது. சட்டப்படி உங்களிடம் இருக்கும் சிக்கல்களில் மிகச் சிறியது அதுதான். பொது இடத்தில் பிறருக்குத் தொந்தரவாக ஆபாசப் பாட்டுப் பாடுவது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 296ஆம் பிரிவில் வருகிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 294. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் கேட்பது உங்கள் உரிமை. அதைவிட முக்கியம், வசை வேறு, ஆபாசம் வேறு என்பதை உச்ச நீதிமன்றம் தெளிவாகவே பிரித்திருக்கிறது. 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில் பழைய ஆங்கிலேய அளவுகோலைக் கைவிட்டு, முழுப் படைப்பையும் இன்றைய சமூகத்தின் கண்ணால் பார்க்க வேண்டும் என்றது. 2022இல் மதனகோபால் வழக்கில், திட்டினார் என்பது மட்டும் 294க்குப் போதாது, காம உணர்வைத் தூண்டும் தன்மை வேண்டும் என்றது. 2024 மார்ச்சில் ஒரு வெப் சீரிஸ் சம்பந்தப்பட்ட அபூர்வா அரோரா வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், வசைச்சொல்லின் நேர்ப்பொருள் உடலுறவைக் குறித்தாலும் அதைச் சொல்பவர் கோபத்தையும் வெறுப்பையும்தான் வெளிப்படுத்துகிறார், அது ஆபாசம் ஆகாது என்றது. இணையத்தில் ஏற்றிய வீடியோவுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவைச் சேர்ப்பார்கள். முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் என்று கேட்கப் பயமாக இருக்கும். அதுவும் ஜாமீனில் விடத்தக்க குற்றம்தான், அபூர்வா அரோரா தீர்ப்பு அந்தப் பிரிவைப் பற்றியதும்கூட.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வார்த்தை யாருடைய உடம்பைப் பற்றியது? 2015 டிசம்பரில் இணையத்தில் வெளியான 'பீப்' பாட்டுக்குத் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு வெறும் வசைக்காக வந்ததல்ல. பெண்களை இழிவுபடுத்துகிறது என்பதுதான் குற்றச்சாட்டு. கோவையிலும் சென்னையிலும் வழக்குப் பதிவானது. பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் சொல் என்றால் பி.என்.எஸ். 79 வரும், தண்டனை மூன்று ஆண்டு வரை போகும். சட்டத்தை விடுங்கள், தன் இனத்தின் அவமானத்தைப் பாட வந்த பாட்டு இன்னொருவர் அம்மாவை இழுத்துத் திட்டும்போது தன் நியாயத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்பது என் கருத்து. அந்த இரண்டு சொல்லும் பாட்டுக்குத் தேவையா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

உண்மையான ஆபத்து பல்லவியில் இருக்கிறது. மொழி, மதம், சாதி, வட்டாரம் இவற்றின் பெயரால் பிரிவினருக்கு இடையே பகையை வளர்ப்பது பி.என்.எஸ். 196, பழைய 153ஏ. மூன்று ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விட முடியாத வகை. சட்டத்திலேயே 'மொழி' என்ற சொல் இருக்கிறது, அதனால் பெங்களூரில் ஒரு தமிழ்ப் பாட்டுக்கு எதிராக எழுதப்படும் புகாரில் இந்தப் பிரிவு வராமல் இருக்காது. உங்களுக்குச் சாதகமான விஷயம் 1997இல் உச்ச நீதிமன்றம் பிலால் அகமது காலூ வழக்கில் சொன்னது: இந்தக் குற்றத்துக்குக் குறைந்தது இரண்டு பிரிவினர் வேண்டும். ஒரு பிரிவின் உணர்வை மட்டும் கிளறிவிட்டு, இன்னொரு பிரிவைத் தொடாமல் விட்டால் பிரிவு பொருந்தாது. 'எங்களை இப்படித் திட்டினீர்கள், அந்தச் சொல்லை நாங்கள் மாலையாகப் போட்டுக்கொள்கிறோம்' என்று பாடினால் அது தமிழர்களின் தன்மானப் பாட்டு. அடுத்த சரணத்தில் கன்னடர்களை ஒட்டுமொத்தமாகக் குறித்து ஒரு வரி திருப்பி அடித்தால், அந்த ஒரு வரி போதும், இரண்டாவது பிரிவு உள்ளே வந்துவிடும். உங்கள் வரிகளை இந்த ஒரு கேள்வியோடு மறுபடி படியுங்கள். திட்டியவன் ஒருவனா, ஓர் இனமா? சென்னைப் பேச்சில் நாம் சர்வசாதாரணமாகப் போடும் 'ஆன்' விகுதி, மொழிப்பெயரோடு சேரும்போது அவமரியாதையாகத்தான் விழும்.

இந்த ஊரில் இது ஏன் இவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1991 டிசம்பரின் காவிரிக் கலவரம் உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு அல்சூரில் வைத்த திருவள்ளுவர் சிலை 18 ஆண்டு மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் பெங்களூரில் ஒரு கல்லூரி விழாவில் பாடகர் சோனு நிகாம், கன்னடப் பாட்டு கேட்டு ஒருவர் குரல் எழுப்பிய விதத்தைப் பஹல்காம் தாக்குதலோடு இணைத்துப் பேசினார். அவலஹள்ளி காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர்., கன்னடத் திரைத்துறையின் ஒத்துழையாமை, பிறகு மன்னிப்பு, மே 15 அன்று உயர் நீதிமன்றத்தில் கைது நடவடிக்கைக்குத் தடை என்று மூன்று வாரத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்தது. அவர் பாடிய எந்தப் பாட்டுக்கும் எதிர்ப்பு வரவில்லை, பாட்டுகளுக்கு நடுவே பேசிய ஒரு வாக்கியத்துக்கு வந்தது. உங்கள் வீடியோவிலும் பாட்டுக்கு முன்னும் பின்னும் மைக்கில் என்ன பேசினீர்கள் என்பதை எழுதி வையுங்கள். வரிகளை நூறு முறை திருத்துகிற குழுக்கள் இந்த இடைப்பேச்சைத் திருத்துவதே இல்லை.

சாமியாட்டத்துக்கு வருவோம். மத உணர்வைப் புண்படுத்தியதாக வரும் பிரிவு பி.என்.எஸ். 299, பழைய 295ஏ. இதுவும் மூன்று ஆண்டு வரை, ஜாமீனில் விட முடியாதது. ஆனால் 1957லிருந்து உச்ச நீதிமன்றம் இதன் வாசலைக் குறுகலாகவே வைத்திருக்கிறது. வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு அவமதித்திருக்க வேண்டும். விஷ்ணு கோலத்தில் தோனியை அட்டையில் போட்ட பத்திரிகை விவகாரத்தில், தெரியாமலோ கவனக்குறைவாகவோ நேர்ந்த அவமதிப்பு இதில் சேராது என்று 2017இல் மறுபடி சொன்னது. 2018இல் ஒரு மலையாளப் படப் பாட்டில் நடிகை கண்ணடித்ததற்காக ஹைதராபாத்தில் பதிவான எஃப்.ஐ.ஆரையும் இதே காரணத்தால் ரத்து செய்தது. உங்கள் ஆட்டம் நம் கோயில் கொடைகளில் காலம்காலமாக நடப்பது. அதை மேடையில் செய்தது அவமதிப்பு ஆகாது என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. என் சந்தேகம் ஆட்டத்தின் மேல் இல்லை, காட்சிச் சட்டகத்தின் மேல்தான். பப்பில் எடுத்த வீடியோ என்றால் பின்னால் பார் கவுன்டரும் வரிசையாகப் புட்டிகளும் தெரிந்திருக்கும். சாமி வந்தவர் கையில் யாராவது பீர் குவளை கொடுத்திருந்தால், காலில் ஷூ இருந்திருந்தால், வெட்டி எடுத்த 40 விநாடியில் அதுதான் இருக்கும். 2022 ஜூலையில் காளி வேடத்தில் ஒருவர் சிகரெட் பிடிக்கும் போஸ்டரை வெளியிட்டதற்காக இயக்குநர் லீனா மணிமேகலை மேல் பல மாநிலங்களில் எஃப்.ஐ.ஆர். போடப்பட்டது. 2023இல்தான் உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு தந்து, எல்லாவற்றையும் ஒன்றாக்கி டெல்லிக்கு மாற்றியது. ஒரே ஒரு படத்துக்கு இத்தனை அலைச்சல். பெயர் குறிப்பிட்ட தெய்வமாக இல்லாமல், பொதுவான அருளாட்டமாக இருப்பது உங்களுக்கு நல்லது. பெங்களூர்க் கரகத்தை நினைவூட்டும்படி தலையில் பூக்கூம்பு வைத்து ஆடியிருந்தால் நிலைமை வேறு. அது இந்த ஊரின் உயிரோடு கலந்த விழா, அதைப் பப்புக்குக் கொண்டு போவதை நான் செய்யச் சொல்ல மாட்டேன்.

சாதிப் பெயர் எதுவும் வரிகளில் இருந்தால் இங்கேயே நிறுத்தி யோசியுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு முன்ஜாமீனுக்கு வழியை அடைக்கிறது. முகாந்திரமே இல்லாத புகாருக்கு அந்தத் தடை பொருந்தாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொன்னாலும், அதை நீதிபதி முன் நிரூபிக்கும் வரை தூக்கம் இருக்காது. தன் சமூகத்தின் மேல் வீசப்பட்ட சொல்லை அந்தச் சமூகத்தவரே பாடுவது வேறு, குழுவில் வேறு ஒருவர் அதே வரியைக் கோரஸாகச் சொல்வது வேறு. யார் வாயில் எந்த வரி என்பதைப் பிரித்து எழுதுங்கள். மேடையில் தேசியக் கொடி வந்தால் அதிலும் கவனம் வேண்டும். அதை இடுப்புக்குக் கீழே உடையாக அணிவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2023 ஆகஸ்டில் புனேயில் ஒரு வெளிநாட்டு இசைக்குழுவின் பாடகி மேடையிலிருந்து கொடியைக் கூட்டத்தை நோக்கி வீசியதற்கே வழக்குப் பதிவானது.

இனி நடைமுறை. புகார் கொடுப்பது வேறு, எஃப்.ஐ.ஆர். பதிவாவது வேறு. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம் என்று புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173(3) சொல்கிறது. பெங்களூரில் அந்த அதிகாரி ஏ.சி.பி. 2025 மார்ச் 28 அன்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில், ஒரு கவிதைக்காகக் குஜராத்தில் பதிவான எஃப்.ஐ.ஆரை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், பேச்சு சார்ந்த குற்றச்சாட்டுகளில் இந்த முதல்கட்ட விசாரணையைச் செய்வதே முறை என்றது. எளிதில் ஆட்டம்காணும் மனத்தின் அளவில் சொற்களை எடைபோடக் கூடாது, திடமும் துணிவும் உள்ள ஒருவரின் அளவில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே உங்கள் வழக்கறிஞர் செய்ய வேண்டிய முதல் வேலை, புகார் போகக்கூடிய காவல் நிலையத்துக்கும் ஏ.சி.பி.க்கும் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, முழுப் பாடல் வரிகளையும் முழு வீடியோவையும் இணைத்து ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குவது. எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இலேயே உத்தரவு இருக்கிறது. கர்நாடகப் போலீஸ் தளத்தில் தினமும் தேடுங்கள்.

ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்பதால் பொதுவாக நேரே கைது செய்யாமல் அதே பி.என்.எஸ்.எஸ்.ஸின் 35(3) பிரிவின்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸ் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக வந்ததைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடாதீர்கள். எழுத்தில் முறையாகத் தரும்படி வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்பி, குறித்த நாளில் போய் நில்லுங்கள். நோட்டீசுக்குப் போகாதவர்களைத்தான் பெரும்பாலும் கைது செய்கிறார்கள். கைதே செய்தாலும் காரணத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 196, 299 பிரிவுகள் எஃப்.ஐ.ஆரில் இருந்தால் உடனே செஷன்ஸ் நீதிமன்றத்தில் முன்ஜாமீன் மனு. எஃப்.ஐ.ஆர். ஓசூரிலோ கோவையிலோ பதிவானாலும், அங்கே போய்ச் சேரும் வரை பாதுகாப்பு கேட்டுப் பெங்களூர் நீதிமன்றத்தை அணுகலாம். 2023 நவம்பரில் பிரியா இந்தோரியா வழக்கில் இதற்கு வழி திறந்தது. 196, 299 இரண்டுக்கும் அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள முடியாது என்று பி.என்.எஸ்.எஸ்.ஸின் 217ஆம் பிரிவு இருக்கிறது. நல்ல பாதுகாப்புதான், ஆனால் தாமதமாக வருவது. எஃப்.ஐ.ஆர். பதிவதையும் கைது செய்வதையும் அது தடுக்காது. வழக்கையே ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் அதன் 528ஆம் பிரிவின்படி மனுப் போடலாம். அது மாதக்கணக்கில் போகும், சில நேரம் ஆண்டுக்கணக்கில். இறுதித் தீர்ப்பு பெரும்பாலும் கலைஞர் பக்கம் வருகிறது என்பதும், அது வருவதற்குள் அவருடைய இரண்டு மூன்று சீசன் போய்விடுகிறது என்பதும் இரண்டும் உண்மை. இடைக்காலப் பாதுகாப்பே நிபந்தனையோடு வரலாம். 2025 பிப்ரவரியில் மும்பையில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை தந்தது, கூடவே பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்லி, நிகழ்ச்சி வெளியிடுவதையும் தற்காலிகமாக நிறுத்தியது.

இப்போது மன்னிப்பு. போலீசிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது, புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. இன்ஸ்டாகிராமில் உலகத்துக்கே எழுதிப் போடும் மன்னிப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. "மத உணர்வைப் புண்படுத்தியதற்கு", "மொழிகளுக்கு இடையே வெறுப்பை உண்டாக்கியதற்கு" என்று சட்டப் பிரிவின் வார்த்தைகளையே எடுத்துப் போட்டு மன்னிப்பு எழுதுகிறார்கள். குற்றப்பத்திரிகையின் பின்னிணைப்பில் அது வந்து உட்காரும். உண்மையிலேயே வருத்தம் இருந்தால், இருக்கும் வருத்தத்தை மட்டும் சொல்லுங்கள்: பாட்டு எதைப் பற்றியது, எந்தச் சொல் எந்த அனுபவத்திலிருந்து வந்தது, கன்னட மக்களைக் குறித்தது அல்ல, யாருக்காவது வலித்திருந்தால் வருந்துகிறோம். நான்கைந்து வரி போதும், தமிழிலும் கன்னடத்திலும், வழக்கறிஞர் பார்த்த பிறகு. மனத்தில் இல்லாத மன்னிப்பைப் பயத்தால் எழுதாதீர்கள். மூன்றே நாளில் உங்கள் டிரம்மர் வேறெங்காவது வேறு மாதிரிப் பேசுவார், அப்போது இரண்டும் பொய்யாகத் தெரியும். நால்வரில் ஒருவர் மட்டும் பேசட்டும், மற்ற மூவரும் கமென்ட்டுகளுக்குக்கூடப் பதில் போட வேண்டாம்.

வீடியோவை அழிப்பது இன்னும் பெரிய தவறு. சாட்சியமாகக் கூடிய மின்னணுப் பதிவை, அது கிடைக்காமல் போகட்டும் என்று அழிப்பது பி.என்.எஸ். 241இன்படி தனிக் குற்றம், மூன்று ஆண்டு வரை தண்டனை. பொதுப்பார்வையிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் 'பிரைவேட்' ஆக்குங்கள், அழிக்காதீர்கள். அதற்கு முன் முழு நிகழ்ச்சியின் வெட்டாத பதிவை, மிக்சர் போர்டிலிருந்து எடுத்த ஆடியோவோடு சேர்த்து, இரண்டு ஹார்ட் டிரைவில் நகல் எடுத்து வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். கோப்பின் எஸ்.எச்.ஏ. 256 ஹாஷ் எண்ணை (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) எடுத்துக் குறித்து வையுங்கள். சாட்சியச் சட்டத்தின் 63(4) சான்றிதழில் அது கேட்கப்படும். போலீஸ் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனால் மகஜர் (கைப்பற்றியதைக் குறித்த பதிவு) நகல் கேட்டு வாங்குங்கள். பாட்டுக்கோப்புகளின் நகல் வேறிடத்தில் இல்லையென்றால் பாதி முடித்த ஆல்பமும் அதோடு போய்விடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த ஊர்த் தமிழ்க் கலைஞர்கள் யாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். உங்கள் பாட்டு தமிழில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். கன்னடத்தில் எழுதப்படும். எழுதும் அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். உங்கள் மேல் வழக்குப் போடுவது உங்கள் பாட்டை வைத்து அல்ல, புகார்தாரர் கொண்டு வரும் மொழிபெயர்ப்பை வைத்து. 'சூளை' என்று நீங்கள் பாடினால் செங்கல் சூளையோ சென்னைச் சூளையோ நினைவுக்கு வரும், கன்னடக் காதில் அது பரத்தையைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாக விழும். 'கொங்கா' என்பதை நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்கிறீர்களா, எதிரிலிருப்பவரைத் திட்டுகிறீர்களா என்பது 'நான்' என்ற ஒரு சொல் மொழிபெயர்ப்பில் விடுபட்டால் தலைகீழாகிவிடும். அதனால் புகார் வருவதற்கு முன்பே, இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஒருவரை வைத்து வரிக்கு வரி கன்னட மொழிபெயர்ப்பு செய்து, வசைச் சொற்களையும் மழுப்பாமல் மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தோடு நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரமாக்கி வைத்துக்கொள்ளுங்கள். மழுப்பினால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு, மற்ற வரிகளையும் நம்ப முடியாது என்று சொல்லும். வீடியோவிலும் கன்னட வசனவரி சேருங்கள். புகார் தர நினைப்பவர்களில் ஒரு பகுதியினர் முழுவதும் படித்த பிறகு விட்டுவிடுவார்கள் என்று நான் நம்புகிறேன், இதற்கு உத்தரவாதம் எதுவும் தர முடியாது.

இந்திராநகர் மேலாளரைக் கோழை என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய நிலையையும் பாருங்கள். எதிர்ப்பு வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சைத் தடுக்கக் கூடாது, பாதுகாப்புத் தருவது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே ஒரு தமிழ்ப் பட வழக்கில், ரங்கராஜன் தீர்ப்பில், சொல்லிவிட்டது. 2025 ஜூனில் கமல்ஹாசன் பட விவகாரத்தில் கர்நாடக அரசுக்கும் அதையே நினைவூட்டியது. ஆனால் மேலாளர் கையில் இருப்பது சி.எல். 9 மது உரிமமும், வர்த்தக உரிமமும், நேரடி இசைக்கான போலீஸ் அனுமதியும். ஒரு இன்ஸ்பெக்டர் தொலைபேசியில் கேட்டாலே அவர் நடுங்குவார், எந்தத் தீர்ப்பும் அவருக்கு வாடகை கட்டாது. 2018 நவம்பரில் டெல்லியில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் கச்சேரி இணைய எதிர்ப்புக்குப் பிறகு தள்ளிவைக்கப்பட்டது. சில நாளிலேயே டெல்லி அரசு வேறு மேடை கொடுத்து, அதே வாரக் கடைசியில் அவர் சாகேத் பகுதியில் பாடினார். இடம் மாறினாலும் கச்சேரி நின்றுபோகவில்லை. இது எல்லாருக்கும் கிடைக்காது என்பது தெரியும், இருந்தாலும் ஒரு மாற்று இடத்தை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. அல்சூர், காக்ஸ் டவுன் பக்கத்து அரங்குகளில் மதுக்கடை இல்லாத இடமாகப் பாருங்கள். மது இல்லாத அரங்கில் மிரட்ட ஒரு உரிமம் குறைவு, சாமியாட்டக் காட்சிக்கும் அதுவே பொருத்தம்.

மேலாளரிடம் மிரட்டலாகப் பேசாமல் ஒப்பந்தமாகப் பேசுங்கள். பாடப்போகும் பாட்டுகளின் பட்டியலையும் மொழிபெயர்ப்பையும் ஒப்பந்தத்தின் இணைப்பாக்கி, அவர் கையெழுத்து வாங்குங்கள். முன்பணம் பாதி, மீதிப் பாதி மேடை ஏறும் முன். எதிர்ப்பால் நிகழ்ச்சி ரத்தானால் முன்பணம் திரும்பத் தர வேண்டியதில்லை என்று ஒரு வரி. பெரும்பாலான இடங்களின் அச்சடித்த படிவத்தில், எந்த வழக்கு வந்தாலும் கலைஞரே எல்லா நஷ்டத்தையும் ஏற்க வேண்டும் என்று ஒரு வாசகம் இருக்கும். அதை உங்கள் சம்பளத் தொகைக்கு மேல் போகாதபடி வரம்பு கட்டுங்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று டிக்கெட்டில் அச்சிடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதைக் கடைப்பிடியுங்கள். பாட்டை எதிர்க்க முடியாதவர்கள் சத்தத்தைச் சொல்லி நிறுத்துவது சுலபம்.

ஆன்லைனில் வெளியிடும்போது விநியோகத் தளத்தில் 'எக்ஸ்பிளிசிட்' குறியைப் போடுங்கள். மறைத்தால்தான் பிரச்சினை. யூடியூப் வீடியோவுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. கேபிள் டிவியில் போட வேண்டுமென்றால் மியூசிக் வீடியோவுக்கும் தணிக்கை வாரியத்தின் 'யு' சான்றிதழ் வேண்டும், 2006 முதல் விதி அப்படி. டிவிக்கு முயலாதீர்கள், இப்போது அது தேவையில்லாத சண்டை.

பாட்டை விட்டுவிடலாமா என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. நாடக மேடையில் வெள்ளைக் கொக்கைப் பாடி வெள்ளைக்காரனைக் குறித்த விஸ்வநாத தாஸ் எத்தனை முறை கைதானாலும் மறுபடி மேடை ஏறினார், 1940 டிசம்பர் 31 அன்று முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் விட்டார். அவருக்கு எதிரில் இருந்தது அரசு. உங்களுக்கு எதிரில் இருப்பது பக்கத்து வீட்டுக்காரர்களும்கூட. கொடைக்கானல் பாதரச மாசைப் பற்றி 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே தாக்கியது. அடுத்த மார்ச்சில் அந்த நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரசம் செய்துகொண்டது. அந்தப் பாட்டின் பின்னால் ஆண்டுக்கணக்கான போராட்டமும் ஆவணங்களும் இருந்தன, யாரைக் குறிவைக்கிறது என்பதில் குழப்பமே இல்லை. உங்கள் பாட்டிலும் அந்தத் தெளிவு இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளியில், பேருந்தில், வீட்டுக்காரர் வாயில் அந்தச் சொல்லைக் கேட்ட நாள், இடம், சூழல் எல்லாம் வரிகளில் வரட்டும்.

அடுத்த மாதத்துக்கு என் யோசனை: பாட்டைப் பட்டியலில் வையுங்கள், கடைசிக்கு முந்தியதாக. அதற்கு முன்னால் 'கொங்கா' என்றால் என்ன, அதை ஏன் பாடுகிறீர்கள் என்று கன்னடத்தில் ஒரு நிமிடம், எழுதி வைத்து, அப்படியே படியுங்கள். ஸ்ரீராம்புரத்தில் வளர்ந்தவர்களுக்குக் கன்னடம் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு வசையை எடுப்பதா வைப்பதா என்பதை ஒத்திகையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், மேடையில் வேண்டாம். ஒரு கேமரா அகலச் சட்டத்தில் ஆரம்பம் முதல் முடிவு வரை ஓடிக்கொண்டே இருக்கட்டும். மொழிபெயர்ப்புப் பத்திரத்தின் ஒரு நகல் மேலாளரிடமும் இன்னொன்று வழக்கறிஞரிடமும் அன்று மாலைக்குள் இருக்க வேண்டும்.